சரிவுப் பாதையில் பனிக்கட்டி: உப்பு உதவுமா?

கேள்வி: கனடாவில் வசிக்கும் என் மகனின் வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் கான்கிரீட் சரிவில் குளிர்காலத்தில் பனிக்கட்டி படிந்து கார் வழுக்குகிறது. நம் வாலிநோக்கம் உப்பளத்தில் விளைவது போன்ற சாதாரணக் கல்லுப்பைத் தூவினால் போதுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: மிதமான குளிருக்குப் போதும். உப்பு கரைந்த நீர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேதான் உறையும் என்பதால் (நம் மன்னார் வளைகுடாக் கடல்நீரே, அத்தகைய குளிரைக் காண்பதில்லை என்றாலும், ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி செல்சியஸில்தான் உறையும்), கல்லுப்பு பனிக்கட்டியை இளக்கித் தரையிலிருந்து பெயர்க்க வழி செய்கிறது. மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போது அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது கால்சியம் குளோரைடு வாங்குவதே சரி. எதைப் பயன்படுத்தினாலும், விழுந்த பனி டயர் ஏறி இறுகுவதற்கு முன்பே அதை வாரித் தள்ளிவிட்டு, அதன் பிறகு சிக்கனமாகத் தூவ வேண்டும். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதைக் கடற்கரையில் வசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டயருக்குப் பிடிமானம் மட்டும் வேண்டுமென்றால் மணலே போதும். வெந்நீர் ஊற்றும் எண்ணம் இருந்தால் மகன் அதைக் கைவிடட்டும்: சரிவில் வழியும் அந்நீர் கீழே சாலையோரத்தில் மீண்டும் உறைந்து, வழுக்கலை அதிகமாக்கும்.