ஆறடிக்கு மேல ரெண்டு பேரு, கூட ரெண்டு நாயி: எந்த டென்ட் வாங்கலாம்?

கேள்வி: அண்ணே, நானும் என் தம்பியும் கம்பத்துல இருக்கோம். நான் 6 அடி 3 அங்குலம், தம்பி ரெண்டு அங்குலம் கம்மி. வீட்ல ஒரு கோம்பை, ஒரு ராஜபாளையம். லீவு கிடைச்சா சூரியநெல்லி, வட்டவடை பக்கம் தெரிஞ்சவங்க தோட்டத்துல போய் டென்ட் போட்டுப் படுப்போம், நாயிங்களும் வரும். இப்ப இருக்கிற 2 பேர் டென்ட்ல கால் துணியில இடிச்சு காலைல ஸ்லீப்பிங் பேக் நுனியெல்லாம் நனைஞ்சு கிடக்கு. நடந்தே தூக்கிட்டுப் போறதால வெயிட்டும் கம்மியா வேணும். எது வாங்கலாம்? (கம்பம் வாசகர்)

பதில்: தம்பி, டென்ட் பையில போட்டிருக்கிற "2 பேர்", "3 பேர்" நம்பரை மொதல்ல மறந்துருங்க. அது சராசரி உயரத்து ஆளுங்க தோளோட தோள் ஒட்டிப் படுக்கிற கணக்கு, அதுல நாயிக்கு இடமே கிடையாது. நீங்க பாக்க வேண்டியது உள்பக்க நீளம், அகலம், உச்சி உயரம், இந்த மூணுதான்.

நீளம்தான் உங்களுக்கு உசுரு. கடையில கிடைக்கிற டென்ட் பெரும்பாலும் உள்ள 210ல இருந்து 218 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். நீங்க 190 சென்டிமீட்டர், அப்ப 20 சென்டிமீட்டருக்கு மேல மிச்சம் இருக்கேன்னு தோணும், ஆனா மல்லாக்கப் படுத்தா பாதம் நீட்டி நிக்கும், தலைக்கு மேல கொஞ்சம் இடம் வேணும், அதோட சுவர் சாஞ்சு வர்றதால தரையில இருக்கிற நீளம் ஒரு சாண் மேல போனா இருக்காது, நீங்க 7, 8 சென்டிமீட்டர் தடிமன் காத்து மேட் போட்டுப் படுத்தா அந்தச் சாய்வுக்குள்ளயே நேரா காலை நீட்டுறீங்க. ஸ்லீப்பிங் பேக் நுனி நனையுறது இதனாலதான், உள்துணி போய் வெளித்துணில ஒட்டி அதுல இருக்கிற பனித்தண்ணி இறங்குது. அதனால 225க்குக் குறைஞ்சு வாங்காதீங்க, தலைமாடும் கால்மாடும் செங்குத்தா நிக்கிற மாடலா பாருங்க.

அகலத்துக்கு வாங்க. சாதா மேட் 51 சென்டிமீட்டர், உங்க மாதிரி ஆளுக்கு 63 சென்டிமீட்டர் அகல மேட்தான் தோதா இருக்கும், ரெண்டு போட்டா 126. 2 பேர் டென்ட் அகலமே ஏறக்குறைய 130தான், அப்புறம் ராஜபாளையம் எங்க படுக்கும், உங்க மூஞ்சி மேலதான். சுருண்டு படுத்தாலும் ஒரு நாயிக்கு 50, 60 சென்டிமீட்டராவது வேணும். அதனால 175க்கு மேல அகலம் இருக்கிற 3 பேர் டென்ட்டுக்குப் போங்க. ரெண்டு நாயும் ஒரே ஓரமா, ஒண்ணு தலைமாட்டுல, இன்னொண்ணு கால்மாட்டுல, கொஞ்சம் நெருக்கித்தான் படுக்கணும், ஆனா கொழுக்குமலைக் குளிருக்கு அது நல்லதுதான்.

"நாயை வெளிய ஃப்ளைக்கு (மேல போடுற வெளித்துணி) கீழ கட்டிப் போட்டா 2 பேர் டென்ட்டே போதுமே"ன்னு யாராவது சொல்லுவாங்க. கேக்காதீங்க. நம்ம மலையில சிறுத்தைக்கு நாயின்னா ரொம்ப இஷ்டம், கட்டிப் போட்ட நாயி ஓடக்கூட முடியாது. ராத்திரி நாயி உள்ளதான், ஜிப் மூடித்தான்.

உக்காந்தா உயரம் நம்ம மொத்த உயரத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல, உங்களுக்கு ஒரு மீட்டர்னு வைங்க, மேட் தடிமனும் சேத்தா 107. உச்சி 110க்குக் கீழ இருந்தா சட்டை மாத்தும்போதெல்லாம் தலை இடிக்கும். பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் 3 பேர் மாடல் சுமார் 229 நீளம், 1.8 கிலோ பக்கம், உச்சி 109 சொச்சம், நீளம் உங்களுக்கு சரி, தலைக்கு மட்டும் மயிரிழை. வெளிநாட்டுச் சரக்கு, விலை கண்ணைக் கட்டும். அதே அளவுல வேற கம்பெனில கிடைச்சாலும் சரிதான், பேரைப் பாக்காதீங்க, டேப்பை எடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுத் தரையில சாக்பீஸால அந்த அளவுக்குக் கட்டம் போட்டு நாலு பேரும் படுத்துப் பாருங்க, வீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். கம்பெனிக்காரன் அகலத்தை தலைமாட்டுல அளந்து போட்டிருப்பான், கால்மாட்டுல குறுகும், கட்டத்தையும் அப்படியே குறுக்கிப் போடுங்க.

வெயிட்டுக்கு ரொம்பக் கவலைப்படாதீங்க. 2 பேர் லேசு டென்ட் ஒண்ணே கால், ஒன்றரை கிலோ வருது, 3 பேர் டென்ட்டுக்கு அதுக்கு மேல அரைக் கிலோ. ஒருத்தர் துணி, ஒருத்தர் குச்சியும் ஆணியும்னு பிரிச்சா ஆளுக்கு ஒரு கிலோ கூட வராது. அந்த அரைக் கிலோவை மிச்சம் பிடிக்கிறேன்னு ராத்திரி முழுக்க முழங்காலை மடக்கிப் படுக்கிறது எனக்கு சரியாப் படலை.

கதவு ரெண்டு பக்கமும் இருக்கணும், நாயி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா தம்பி வயித்துல ஏறித்தான் போகணும்னு இல்லாம. உள்துணி, வெளித்துணி தனித்தனியா இருக்கிற ரெட்டைத் துணி டென்ட்டா எடுங்க, ஒத்தைத் துணின்னா நாலு உசுரு மூச்சு விட்டதுல உள்ள தண்ணி சொட்டும். லேசு டென்ட் தரைத்துணி 15, 20 டெனியர்தான் (நூல் தடிமன் கணக்கு), ரொம்ப மெல்லிசு, ராஜபாளையம் நகத்துக்குத் தாங்காது, நகத்தை வெட்டிவிட்டு ஒரு ஃபோம் மேட்டைத் துண்டு போட்டு உள்ள நாயிக்குக் கீழ விரிங்க. ராஜபாளையத்துக்கு முடி குட்டை, குளிர்ல நடுங்கும், அதுக்கும் ஆச்சு. உங்க காத்து மேட்டு மேல மட்டும் ஏற விடாதீங்க. உள்சுவர்ல கொசுவலை பாதிக்கு மேல ஆரம்பிக்கிற மாடல் நல்லது, கீழயே வலைன்னா அணிலைப் பாத்த கோம்பை கிழிச்சுட்டுப் போயிரும்.

இடம் விஷயத்துல நீங்க தனியார் தோட்டத்துல தங்குறது சரி. பெரியார் புலிகள் காப்பகம், இரவிகுளம் தேசியப் பூங்கா, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் எங்கயும் நாயைக் கூட்டிட்டுப் போக நெனைக்காதீங்க, நாயிகிட்ட இருக்கிற டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் நோய் காட்டுச் செந்நாயிக்குத் தொத்தும். மலையேறப் போனவங்க செத்த 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீக்கு அப்புறம் நம்ம பக்கம் அனுமதி இல்லாம காட்டுக்குள்ள நடக்கிறதும் ஆகாது.

கேள்வி: மூணாறு எஸ்டேட் ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன். 6 அடி 4. நானும் ஒரு நாயும் மட்டும்தான். கைத்தடியை நட்டு நிறுத்துற டென்ட் அரைக் கிலோல கிடைக்குதாமே, அது சரிப்படுமா? (மூணாறு வாசகர்)

பதில்: சார், உயரத்துக்கு சூப்பர். ஜீபேக்ஸ் டூப்ளெக்ஸ் மாதிரி டென்ட் 229 நீளம், உச்சி 122, உங்களுக்கும் நாயிக்கும் தாராளம். ஆனா அது ஒத்தைத் துணி, மூணாறு பனில உள்பக்கம் ஈரம் கோக்கும், ஒரு துண்டு வச்சுத் துடைச்சுக்கிட்டே இருக்கணும். அதைவிடப் பெரிய தொல்லை, மொத்த டென்ட்டும் ஆணியையும் கயித்தையும் நம்பி நிக்குது, நாயி ராத்திரி ஏதோ சத்தம் கேட்டு ஒரு இழுப்பு இழுத்தா தடி சாஞ்சு மேல விழும். நாயி அமைதியான நாயின்னா வாங்குங்க, துறுதுறுன்னு இருக்கும்னா வளைகுச்சியில தானா நிக்கிற டென்ட்தான். அப்புறம் சங்கிலியை எந்தக் காரணத்துக்கும் டென்ட் கயித்துல மாட்டாதீங்க, பகல்ல கட்டணும்னா பக்கத்துல மரம் இருக்கும்ல, ராத்திரி நாயி உள்ளதான்.