ஒரு பகுதியின் இயற்கை எவ்வளவு வளர்ச்சியைத் தாங்கும்?

“சாலை, அணை, ஆலை என்று ஒரு பகுதிக்கு வளர்ச்சி வந்துகொண்டே இருந்தால், அங்குள்ள இயற்கை எதுவரை தாங்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் முன்பு வைத்திருந்த பதில் தப்பு. அழுத்தம் கொஞ்சம் கூடினால் பாதிப்பும் கொஞ்சம் கூடும், கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஏரிகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

ஆழமில்லாத, தெளிந்த ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வளரும் நீர்த்தாவரங்கள்தான் அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. சேற்றைக் கலங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. பாசிக்குப் போக வேண்டிய சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. பாசியைத் தின்னும் நுண்ணிய நீருயிர்கள் மீன்களிடமிருந்து ஒளிய இடமும் தருகின்றன. சுற்றிலும் வயலும் குடியிருப்பும் பெருகி, உரம், கழிவுநீர் வழியாகப் பாசியை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸ் வந்து சேர்கிறது. பல வருடங்களுக்கு ஏரியில் பெரிய மாற்றம் தெரியாது. திடீரென்று ஒரு கோடையில் பாசி முந்திக்கொள்ளும். வெளிச்சம் அடிக்குப் போகாது, தாவரங்கள் சாகும், பிடித்து வைக்க ஆளில்லாத சேறு கலங்கும்.

சரி, பாஸ்பரஸ் வரத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டால்? பெரும்பாலும் தெளியாது. இத்தனை வருடம் சேற்றில் படிந்தது உள்ளிருந்தே கசிந்துகொண்டிருக்கும். கெட்டுப்போன அளவைவிட மிகவும் கீழே இறங்கினால்தான் ஏரி திரும்பும். சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1973-இல் நிலைத்தன்மையையும் (அதிகம் ஏறி இறங்காமல் இருப்பது) மீள்திறனையும் (அடி வாங்கியும் தன் இயல்பை இழக்காத திறன்) பிரித்துக் காட்டியது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏரி மாறாமல் இருப்பதைப் பார்த்து நாம் திருப்தி அடைகிறோம். அடியில் அதன் மீள்திறன் கரைந்துகொண்டிருக்கிறது.

திட்டங்களுக்கு அனுமதி தரும் முறை இதைக் கவனிப்பது குறைவு. ஒவ்வொரு திட்டத்தையும் தனியாக எடைபோட்டால் ஒவ்வொன்றும் சிறியதாகவே தெரியும். அதிலும் சாலை தனியாக வருவதே இல்லை. பிரேசிலின் அமேசான் பகுதியில் உள்ள ரொண்டோனியா மாநிலத்தில் பிஆர்-364 நெடுஞ்சாலைக்கு 1980-களில் தார் போட்டார்கள். அதிலிருந்து கிளைச் சாலைகள், அவற்றையொட்டிக் குடியேற்றம், மேய்ச்சல் நிலம். செயற்கைக்கோள் படத்தில் காடு மீன்முள் போலக் கிழிந்து தெரிகிறது. பிரேசில் அமேசானில் அழிந்த காட்டில் சுமார் 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ படகு போகும் ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ இருந்ததாக 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சாலைக்கான மதிப்பீடு என்றால் இந்தக் கிளைகளையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

அப்புறம், திரும்பி வர முடியுமா என்பது. மத்திய ஆசியாவில் உள்ள ஏரல் கடலைப் பாருங்கள். 1960-இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அப்போது அது உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் தந்த ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைச் சோவியத் அரசு பருத்திப் பாசனத்துக்குத் திருப்பியது. நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது, மீன்பிடித் தொழில் செத்தது, காய்ந்த கடலடியிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி கிளம்பியது. வெப்பத்தையும் குளிரையும் மட்டுப்படுத்திய ஏரி சுருங்கியதும் கோடை கூடுதலாகச் சுட்டது, குளிர்காலம் கூடுதலாக உறைந்தது. வடக்கே கஜகஸ்தான் 2005-இல் கோக்-ஏரல் அணையைக் கட்டி முடித்ததும் அங்கே நீர்மட்டம் உயர்ந்தது, உப்பு குறைந்தது, மீன்கள் திரும்பின. உஸ்பெகிஸ்தான் பக்கம் நீண்டிருக்கும் பெரிய தெற்குப் பகுதியோ பெருமளவு மணலாகவே கிடக்கிறது. பருத்திக்கு அந்த ஆற்றுநீர் இன்றும் தேவைப்படுகிறது.