மருத்துவமனைக் கட்டிலருகே ஒரு வேண்டுதல்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறான். விட்டுவிட்டுக் காய்ச்சல், கால்வலி, உடம்பில் நீலத் திட்டுகள் என்று ஒரு மாதம் அவதிப்பட்டவனுக்கு அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துப் பதினெட்டு நாளாகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு இரண்டு வருடமாகப் போகாததுதான் காரணம் என்று என் மாமியார் அவன் காதுபடவே சொல்கிறார். கோயில் தீர்த்தத்தை அவன் வாயில் ஊற்ற வேண்டும் என்கிறார். கணவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் கவசம் படிக்க உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். மகனோ, "சாமி இருந்தா எனக்கு ஏன் இப்படி வருது? இனிமே என்னைக் கும்பிடச் சொல்லாதே" என்று கத்தி, நெற்றியில் இட்ட திருநீற்றைத் துடைத்துவிட்டான். அவன் நம்பிக்கையை இழந்தால் குணமாவானா? எனக்குத் தூக்கம் போய்விட்டது.
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் குணமாவதற்கு அவன் கடவுளை நம்பியாக வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. மருந்து, நம்புகிறவன் உடம்பிலும் நம்பாதவன் உடம்பிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இந்த நோய்தான். நல்ல சிகிச்சையைக் கடைசிவரை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்து வளர்ந்து விடுகிறார்கள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்த இருபத்தாறு ஆண்டுகளில், சாமியோடு கோபித்துக்கொண்டே குணமாகி வீட்டுக்குப் போன பிள்ளைகளை நான் வழியனுப்பியிருக்கிறேன்.

அவனுடைய கோபத்தில் ஒரு பங்கு மருந்தால் வந்தது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் மாதச் சிகிச்சையில் பிரெட்னிசலோன் அல்லது டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினமும் கொடுப்பார்கள். அது நோயைத் தாக்கும்போதே அடங்காப் பசியையும் எரிச்சலையும் காரணமில்லாத அழுகையையும் தூக்கமின்மையையும் கொண்டுவரும். எங்கள் வார்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் மாலையில் அம்மாவின் மீது எவர்சில்வர் டம்ளரை வீசி எறிந்தான். அதே பையன் இரவு இரண்டு மணிக்கு, "அம்மா, சூடா ரசஞ்சோறு வேணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அம்மா மறுபேச்சின்றி எழுந்துபோய், இரவுப் பணி சிஸ்டரிடம் கேட்டு ரசத்தைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, உருண்டை பிடித்து ஊட்டியதை நான் பார்த்தேன். டம்ளரைப் பற்றி அன்றும் மறுநாளும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மகன் திருநீற்றைத் துடைத்ததையும் அந்த டம்ளரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

மீதிக் கோபம் உண்மையானது. அதைக் கேட்க ஆள் வேண்டும். கடவுளைக் கேள்வி கேட்பது அபசாரம் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். ஏழாம் நூற்றாண்டில் சூலை நோய் என்னும் கடும் வயிற்றுவலியால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகமே, எமனைப் போல் வந்த இந்த நோயை விலக்காமல் இருக்கிறீரே, நான் செய்த கொடுமை என்னவென்று எனக்கே தெரியவில்லையே என்ற முறையீடாகத்தான் தொடங்குகிறது. சைவத்தை விட்டுப் போயிருந்தவர் அவர். நோயோடு இரவில் வந்து நின்ற தம்பியிடம் அக்காள் திலகவதியார் ஏன் போனாய் என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, திருநீற்றைக் கொடுத்தார். ஆனால் அங்கே நாடி வந்தது தம்பி. உங்கள் மகன் நாடி வரும்வரை நீங்கள் காத்திருங்கள். கவசத்தை வராந்தாவிலோ, அவன் உறங்கும்போது மனத்துக்குள்ளோ படியுங்கள். வேண்டுதல் உங்களுடையது; அதை அவன் நிறைவேற்றியாக வேண்டிய கடனாக ஆக்க வேண்டாம்.

உங்கள் மாமியாரின் பேச்சைத்தான் உடனே நிறுத்தியாக வேண்டும். எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாகும் இடத்தில், ஓர் அணு கோளாறாகிக் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதால் வருகிற நோய் இது. கோயிலுக்குப் போகாததாலோ, நீங்கள் எதையோ ஊட்டியதாலோ ஊட்டாததாலோ வருவதில்லை. தன்னால் குடும்பத்துக்குச் சாபம் வந்துவிட்டது என்று பதினைந்து வயதுப் பிள்ளை நினைத்துவிட்டால் அதை வெளியே எடுப்பது கடினம். நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும் என்பதால், மருத்துவரையோ வார்டு சிஸ்டரையோ அவரிடம் நேரில் பேசச் சொல்லுங்கள். அவரும் பேரனை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் காரணம் தேடுகிறார். "அத்தை, நீங்க ஊருக்குப் போயி சாஸ்தாவுக்குப் பொங்கல் வச்சு அவன் பேர்ல வேண்டிக்கோங்க, அதை உங்களை விட்டா யார் செய்வா" என்று பொறுப்பை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

தீர்த்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தச் சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும்; வாயும் குடலும் புண்ணாகியிருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவனுக்கு உயிர் ஆபத்தாகும். காய்ச்சாத தண்ணீர், பஞ்சாமிர்தம், உடைத்த தேங்காய், துளசி, பூ ஆகியவை கட்டிலருகே வரக் கூடாது. நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீற்றை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அவனும் சம்மதித்தால் இடலாம். வாயில் போடவோ, கையில் மருந்து ஏற்றும் குழாயின் பக்கம் கொண்டுபோகவோ கூடாது. எங்கள் வார்டில் பல தாய்மார் திருநீற்றுப் பொட்டலத்தையும் வேளாங்கண்ணி எண்ணெயையும் நாகூர்க் கயிற்றையும் ஜிப் கவரில் போட்டு மூடித் தலைமாட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்வார்கள். நீங்கள் விரதம் இருப்பதாயின் ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை விரதத்தில் வராந்தாவில் மயங்கி விழுந்த அம்மாவைத் தூக்க நாங்கள் ஓடியபோது, அவருடைய மகள் கட்டிலில் அலறிக்கொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு வாரத்தில் மச்சையைச் சோதிப்பார்கள். நோய் அணுக்கள் நுண்ணோக்கியில் தென்படவில்லை என்ற நல்ல செய்தி பெரும்பாலும் அப்போது வரும். சாமி கண் திறந்துவிட்டார் என்று அன்று நீங்கள் கண்ணீர் விடலாம். நானும் உங்களோடு மகிழ்வேன். ஆனால் மறைந்திருக்கும் அணுக்களை ஒழிக்க இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மருந்து வேண்டும். முதல் மாதத்திலேயே குணமாகிவிட்டது என்று நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டுச் சிகிச்சையை நிறுத்தி, ஆறேழு மாதம் கழித்து நோய் முற்றித் திரும்பி வந்த பிள்ளைகளின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. நாட்டு மருந்தையும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் ஈரலைப் பாதிக்கும்.

அவன் மருந்துப் பட்டியலில் மெத்தோட்ரெக்சேட் என்ற பெயர் இருக்கும். அந்த வகை மருந்துகள் உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர் யெல்லாப்ரகடா சுப்பாராவ்; பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-இல் அமெரிக்கா சென்றவர்; உடன்பிறந்தவரை நோய்க்குப் பறிகொடுத்தவர்; இளமையில் இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பியவர். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இந்த நோய் கண்ட குழந்தைகளிடம் முதன்முதலாகத் தற்காலிக முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டபோது, அதற்குப் பயன்பட்ட மருந்து சுப்பாராவின் குழுவிடமிருந்து போனது. இதை உங்கள் கணவர் மகனுக்குச் சொல்லட்டும். பிள்ளைகள் தங்கள் மருந்தின் கதையை ஆவலாகக் கேட்பார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்கும்தான் மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்திருக்கிறார். எழுந்து வெளியே போகிற அவரும் அந்த நான்காமவர்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்தத் தாள்களுக்கு அலைவது அவராக இருக்கும். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை, தானமாகப் பெற்ற பின் ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், கொடுக்க முன்வருபவர்களை ஒரே நாளில் கூட்டிவராமல் முறை வைத்து அழைக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவினர் கொடுக்கலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவற்றை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் படிக்கும் நேரத்தில் அவர் மகனோடு கிரிக்கெட் பார்க்கட்டும்.

கேள்வி: அம்மா, எனக்குப் பன்னிரண்டு வயது. என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் செல்போனுக்காகச் சண்டை போட்டு, "நீ செத்துப் போ" என்று சொல்லிவிட்டேன். மாதாவிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். என்னால்தான் இப்படி ஆயிற்றா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: இல்லை, கண்ணம்மா. எந்தச் சொல்லாலும் யாருடைய சிறுநீரகமும் பழுதாவதில்லை. இரண்டும் பழுதாகிற அளவுக்குப் போனால், பெரும்பாலும் அது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நடந்திருக்கும். நீங்கள் சண்டை போடுவதற்கு வெகுநாள் முன்பே தொடங்கியிருக்கும். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டது போதும். இனி அண்ணனுக்காக வேண்டிக்கொள். இன்று மாலை அவனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பு. சண்டைக்கு ஒரு வரி "ஸாரிடா அண்ணா". மற்றபடி பள்ளிக்கூடத்தில் நடந்தது, தெருவில் நடந்தது, அவனுடைய சைக்கிளை யார் எடுத்து ஓட்டினார்கள் என்பதையெல்லாம் சொல். அங்கே எல்லோரும் அவனிடம் நோயைப் பற்றியே பேசுகிறார்கள்.

இந்தப் பக்கத்தை உன் அம்மாவிடம் காட்டு. அம்மா, நீங்கள் துணி மாற்ற வீட்டுக்கு வரும் நாளில் பாதி நாளாவது தங்கி, இந்தப் பெண்ணை மடிமுன் உட்கார வைத்து, அவளுக்கு நீங்களே தலை பின்னிவிடுங்கள்.