மங்குக்கு எந்த கிரீம்?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். வயது 36. கன்னங்களில் மங்கு (கருமையான திட்டு) விழுந்திருக்கிறது. 350 ரூபாய் கிரீம், 900 ரூபாய் கிரீம் இரண்டிலும் நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வேறொரு கிரீமில் பத்தே நாளில் முகம் தெளிந்ததாகத் தங்கை சொல்கிறாள். மூன்றிலும் சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியலை அனுப்பியுள்ளேன். எதை வாங்கலாம்?

பதில்: தங்கையின் கிரீமை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஹைட்ரோகுயினோன் (நிறத்தை வெளுக்க வைப்பது), டிரெட்டினோயின் (வைட்டமின் ஏ வகை மருந்து), மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த அது அழகுசாதனப் பொருளே அல்ல. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு என்பதால் தொடக்கத்தில் முகம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவந்து தெரியும், பருவும் ரோமமும் வரும், நிறுத்தியதும் எரியும். தங்கை சில வாரங்களாகப் பூசி வருகிறார் என்றால் தோல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்கட்டும்.

மற்ற இரண்டையும் பின்பக்கப் பட்டியலை வைத்தே ஒப்பிட வேண்டும். அதிக அளவில் உள்ள பொருள் முதலில் வரும். 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் சொற்ப அளவே. உங்கள் 900 ரூபாய் கிரீமின் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் குங்குமப்பூவும் அதிமதுரமும் அதற்கும் பின்னால், வாசனைப் பொருளுக்கும் கீழேதான் இருக்கின்றன. சொற்ப அளவு என்றாலே வீண் என்றும் கொள்ள வேண்டாம். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் 1 சதவீதத்துக்குக் குறைவாகவே நன்கு வேலை செய்யும்.

350 ரூபாய் கிரீமில் நியாசினமைடு 5 சதவீதம் என்று அளவே குறிப்பிட்டிருக்கிறார்கள், வாசனையும் சேர்க்கவில்லை. மங்குக்கு ஆய்வுகளில் பயன்பட்ட அளவும் ஏறக்குறைய இதுதான். 10 சதவீதம் என்று விற்பவை கூடுதல் பலன் தருவதைவிட எரிச்சல் தரவே வாய்ப்பு அதிகம். ஆகவே இதையே வாங்குங்கள். முழங்கை மடிப்பில் தினம் இருவேளை ஒரு வாரம் பூசிப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

வெயிலைத் தடுக்காமல் எந்த கிரீமும் மங்கைக் குறைக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும் என்பதால், அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். மும்பை வியர்வைக்கு ஜெல் வகை தோதாக இருக்கும். 12 வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.