எஸ்.டி.எஸ். (ரசாயனப் பாதுகாப்பு விவரத் தாள்) கையில் இருந்தால் போதுமா?

(கப்பலில் சீஃப் ஆபீசராக இருந்து, இப்போது கரையில் ஆபத்தான சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்ப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சார், ஃபார்வர்டிங் ஆபீசில் புதுசா சேர்ந்திருக்கேன். ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) எஸ்.டி.எஸ். அனுப்பிட்டார். அதை வச்சே கன்டெய்னரை ஏத்திடலாமா?

பதில்: முடியாது. எஸ்.டி.எஸ். அந்த ரசாயனத்தின் குணத்தைச் சொல்லும், அவ்வளவுதான். உங்கள் கன்டெய்னரில் என்ன, எவ்வளவு, எந்தப் பேக்கிங்கில் போகிறது என்பதற்கு ஷிப்பர் கையெழுத்திட்ட டி.ஜி. (ஆபத்தான சரக்கு) டிக்ளரேஷன் வேண்டும். உள்ளே அடுக்கிக் கட்டியவரின் பேக்கிங் சர்டிபிகேட்டும் வேண்டும். டிக்ளரேஷனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கப்பல் கம்பெனி எஸ்.டி.எஸ். கேட்கிறது.

கேள்வி: 16 பகுதியையும் படிக்கணுமா அண்ணே?

பதில்: 14-இல் தொடங்குங்க தம்பி. யு.என். நம்பர் (சரக்கின் சர்வதேச அடையாள எண்), கிளாஸ் (ஆபத்தின் வகை), பேக்கிங் குரூப் (ஆபத்தின் அளவு) எல்லாம் அங்கே. சிலர் சாலைப் போக்குவரத்துக்கு மட்டும் எழுதி விட்டுவிடுவார்கள்; ஐ.எம்.டி.ஜி. (கடல்வழி ஆபத்தான சரக்கு விதிகள்) வரி இருக்கிறதா பாருங்கள். 'கட்டுப்பாடு இல்லை' என்று போட்டிருந்தால் நேராக 9-க்குப் போங்கள். திரவத்தின் ஃபிளாஷ் பாயின்ட் (தீப்பற்றும் ஆவி கிளம்பும் வெப்பநிலை) 60 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் ஷிப்பருக்கு போன் போட வேண்டியதுதான்.

பலரும் புரட்டாமல் விடுவது 7-ம் (கையாளுதல், சேமிப்பு) 10-ம் (எதனால் வினைபுரியும் என்பது). 2012-இல் எம்.எஸ்.சி. ஃப்ளாமினியா கப்பல் அட்லாண்டிக்கில் வெடித்து மூன்று பேர் செத்தார்கள். சரக்கு டைவினைல்பென்சீன், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வெயிலில் பல நாள் கிடந்து கப்பலேறியது. சூடானால் அது தானாகவே பாலிமராக ஆரம்பிக்கும், அந்த வினை இன்னும் சூட்டைக் கிளப்பும். அதைத் தடுக்கக் கலக்கும் இன்ஹிபிட்டரும் சூட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகும். கிளாஸ் நம்பரை மட்டும் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது.

கேள்வி: டெக் கேடட் சார். தீ பிடிச்சா எஸ்.டி.எஸ். ஃபைலைத்தான் தேடணுமா?

பதில்: இ.எம்.எஸ். (கப்பலில் அவசரகால நடவடிக்கை) கைடைத் தேடுங்க. தீக்கு 'எஃப்', சிந்தினால் 'எஸ்' என்று யு.என். நம்பருக்கு நேராகவே அட்டவணை இருக்கும். எஸ்.டி.எஸ்.ஸின் 5 (தீயணைப்பு), 6 (சிந்தல்) அதற்கு அடுத்துதான். கையில் ஹோஸை எடுக்கும் முன் கிளாஸ் 4.3-ஆ (தண்ணீர் பட்டால் எரியும் வாயு கிளம்பும் வகை) என்று பார்த்துவிடுங்கள். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 12 கன்டெய்னர் கால்சியம் கார்பைடு இருந்தது. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் கிளம்பும் சரக்கு அது.

கேள்வி: கப்பல் எஞ்சினுக்கான பங்கர் எண்ணெய்க்குமா எஸ்.டி.எஸ்.?

பதில்: ஆமாம். சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 6-ஆம் அத்தியாயம், 5-1 விதி. எண்ணெய் ஏறும் முன்பே கைக்கு வர வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு பற்றி என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். 'நாத்தம் வரலையே' என்று டேங்க் மூடியைத் திறக்காதீர்கள், 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வாக்கில் மூக்கே மரத்துவிடும். மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

கேள்வி: நான் நீர்கொழும்பு. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் விபத்தில கரை முழுக்க பிளாஸ்டிக் மணிகள். அதையெல்லாம் ஆபத்தான சரக்கு எண்டு அறிவிக்கேல்லையா?

பதில்: அறிவிக்க வேண்டியதில்லை என்பதுதான் 2021-இல் விதி. அந்தக் கப்பலில் கசிந்த நைட்ரிக் அமிலம் கிளாஸ் 8 (அரிக்கும் பொருள்). பிளாஸ்டிக் மணிகள் ஐ.எம்.டி.ஜி. பட்டியலிலேயே இல்லை, சாதாரணச் சரக்காகப் போயின. எஸ்.டி.எஸ்.ஸில் 14 காலியாக இருந்தால் மீனவருக்கும் கடலுக்கும் கெடுதல் இல்லை என்று அர்த்தமாகாது.

கேள்வி: அஞ்சு வருஷம் பழைய எஸ்.டி.எஸ். செல்லுமா?

பதில்: நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஐ.எம்.டி.ஜி. கோட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. மரக்கரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பு சோதனைச் சான்றிதழ் காட்டிச் சாதாரணச் சரக்காக ஏற்றினார்கள். 2026 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைபட்டது, யு.என். 1361 என்று அறிவித்தே ஆக வேண்டும்.