செர்ரி மரத்தில் ஒரு கிளையில் மட்டும் பழம் சிறுத்து வருகிறது. வைரஸா? மருந்து அடித்தால் சரியாகுமா?

வைரஸாக இருக்கலாம். அப்படி இருந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் உரத்தையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பார்த்தே ஒரு வருஷத்தை விட்டுவிட்டேன். அடுத்த பருவத்தில் பக்கத்து இரண்டு மரங்களிலும் அதே பழம்.

என் மரத்தில் இலையெல்லாம் பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. அதை நம்பித்தான் ஏமாந்தேன். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது கிளைக்கொரு பழமாக இரண்டு பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கருஞ்சிவப்பில் திரண்டிருந்தது. மற்றது பாதி அளவு, நுனி கூம்பி, வெளிறிப்போய் இருந்தது. வாயில் போட்டால் சப்பென்று இருந்தது.

இதற்கு 'லிட்டில் செர்ரி' நோய் என்று பெயர். 1933இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கூட்னி பகுதியில் முதலில் தென்பட்டது. லிட்டில் செர்ரி வைரஸ் 1, 2 என இரண்டு உண்டு. இரண்டாவதை மாவுப்பூச்சி பரப்புகிறது: நோயுள்ள மரத்தில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது வைரஸும் கூடவே போகிறது. ஒட்டுக்குச்சி வழியாகவும் வரும். நெருங்கி நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்த வழியிலும் பரவும். பூவுக்காக வளர்க்கும் ஜப்பானியச் செர்ரி மரங்கள் அறிகுறியே காட்டாமல் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும். பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் கண்ணால் பார்த்தே முடிவு கட்டாதீர்கள். எக்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வருவது, பழத்தை இதே மாதிரிதான் ஆக்கும். அதைப் பரப்புவது தத்துப்பூச்சி. எந்தப் பூச்சியைக் கட்டுப்படுத்துவது என்பதே இதைப் பொறுத்து மாறிவிடும். அறுவடைச் சமயத்தில், சிறுத்த பழம் உள்ள அதே கிளையிலிருந்து பழக்காம்பும் இலையும் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனைக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனை) அனுப்புங்கள். வைரஸ் மரம் முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. நல்ல கிளையிலிருந்து எடுத்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

வைரஸ் என்று உறுதியானால் கிளையை வெட்டினால் போதாது, மரத்தையே எடுக்க வேண்டும். காய்க்கிற மரத்தை வெட்ட மனசு வராதுதான், எனக்கும் கை ஓடவில்லை. முதலில் மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பூச்சிகள் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். வெட்டிய கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவி வேரையும் சாகடிக்க வேண்டும். உயிரோடு விட்ட வேரிலிருந்து கிளம்பும் துளிரிலும் வைரஸ் இருக்கும். என் தோட்டத்தில் முதல் மரத்தை எடுத்த இடத்தில் அப்படித்தான் முழங்கால் உயரத்துக்குத் துளிர்கள் வந்து நின்றன, எல்லாவற்றையும் மறுபடி தோண்டி எடுத்தேன்.