ஏஜென்சியை விட்டு ஊருக்கு வந்தாச்சு: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா நகரத்து டிசைன் ஏஜென்சி ஒன்றில் ஏழு வருடம் இருந்துவிட்டு, சொந்த ஊர் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். இப்போது கோப்பிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசை, ஒரு பழைய மேக். வேலையை விடுவது பற்றி ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள், மொத்தமாக இங்கேயே கேளுங்கள். சம்பளம் எவ்வளவு வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஈப்போ தங்கச்சி: நல்ல வேலைதானே அக்கா, ஏன் விட்டீங்க?

ஒரு பெட்டியால். பொங்கலுக்கு ஒரு வாடிக்கையாளருக்குப் பரிசுப் பெட்டி செய்தோம். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வர வேண்டுமானால் பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தெரிவை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து உடையும். எடுக்கச் சொன்னேன், வாயால். அப்புறம் இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் அச்சாகி வந்த பெட்டியில் ‘பொ’வின் கொம்பும் காலும் இரண்டுமே பகரத்துக்குப் பின்னால் நிற்கின்றன, நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு. நான்தான் முன்கூட்டியே சொன்னேனே என்றால், எங்கே சொன்னாய், காட்டு என்கிறார்கள். காட்ட ஒன்றுமில்லை. மேலே இருந்தவர், “எத்தனை பேர் படிக்கப் போறாங்க” என்று சிரித்தார். அன்றைக்கே மனசு விட்டுப்போச்சு, கடிதம் கொடுக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. கோபம் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. அதனால் ஒன்று சொல்கிறேன், இன்னும் பத்து தடவை சொல்வேன்: எழுதி வாங்குங்கள்.

கோலகங்சார் தம்பி: நோட்டீஸ் எத்தனை நாள் கொடுக்கணும்?

முதலில் உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அதில் உள்ளதுதான் கணக்கு. அதில் இல்லையென்றால் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் 4 வாரம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம். 2023 ஜனவரியிலிருந்து இந்தச் சட்டம் சம்பள வரம்பு பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் பொருந்தும், ஓவர்டைம் மாதிரி சில பிரிவுகளுக்குத்தான் மாதச் சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்ற வரம்பு. கடிதத்தை இமெயிலில் அனுப்புங்கள், கிடைத்தது என்று ஒரு வரி பதில் வாங்குங்கள். எழுதி வாங்குங்கள்.

தைப்பிங்கிலிருந்து: கம்பெனியில் செய்த டிசைனை என் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) போடலாமா?

1987 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 26வது பிரிவு. வேலையில் இருக்கும்போது வேலைக்காகச் செய்ததன் பதிப்புரிமை முதலாளிக்குப் போய்விடும், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. தனியாக ஆர்டர் எடுத்துச் செய்தாலும் இதே கதைதான், ஆர்டர் கொடுத்தவருக்குப் போகும். ஆகவே போவதற்கு முன்னாலேயே, இன்னின்ன வேலையைக் காட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கேளுங்கள். நான் கேட்டேன், எட்டில் ஐந்துக்குச் சரி என்றார்கள். ஃபைலைப் பென் டிரைவில் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது வேறு வம்பு.

கம்பாரிலிருந்து: வெளியே போனால் இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.

1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28வது பிரிவில் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. பயப்படாதீர்கள். ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம் மாதிரி ரகசியங்களை எடுத்துப் போனால் அது தனி வழக்கு. கடிதம் ஏதாவது வந்தால் வக்கீலிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

வேறொருவர்: ராஜினாமா செய்தால் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) வேலை இழப்புப் பணம் கிடைக்குமா?

தானாக விட்டால் கிடைக்காது.

தஞ்சோங் மாலிம் தம்பி: பழைய கம்பெனி டிசைனைப் போர்ட்ஃபோலியோவில் போடலாமாக்கா?

மேலே தைப்பிங்காரருக்குச் சொன்னதுதான்.

உள்ளூர் அண்ணன்: தங்கச்சி, நீ இப்போ சொந்தக் கடைதானே. கோயில் திருவிழா பேனருக்குப் பணம் கேட்டியாமே?

கேட்டேன் அண்ணே. நாதஸ்வரக்காரருக்கு முன்பணம், கெனோப்பிப் பந்தலுக்கு முன்பணம், ஐஸ் கட்டிக்காரருக்குக் கையில் காசு. பேனருக்கு மட்டும் புண்ணியமா?

அதே அண்ணன்: மந்திரியா இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும்மா இது. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்த சமயத்தில் பால்மரம் சீவினவங்க எல்லாரும் அவர் பின்னால சேர்ந்துதான் 1960ல தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தையே தூக்கி நிறுத்தினாங்க. நீ காசு காசுங்கற.

அண்ணே, அவர்களும் காசு போட்டுத்தானே தூக்கி நிறுத்தினார்கள். பங்குக்கு ரசீதும் இருந்தது.

தமிழ்ப்பள்ளி டீச்சர்: அப்போ பள்ளி ஆண்டு மலருக்கும் பணம்தானா?

இல்லை டீச்சர், வருடத்தில் ஒரு வேலை பள்ளிக்குச் சும்மாவே செய்கிறேன். இரண்டு முறைதான் திருத்தம் என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன். இலவச வேலைக்குத்தான் பன்னிரண்டு திருத்தம் வரும், ஏஜென்சியில் அடிபட்டுப் படித்த பாடம் அது.

உள்ளூர் அண்ணன்: சாமிக்கும் எழுதி வாங்குவியா?

சாமி திருத்தம் சொல்வதில்லை அண்ணே. கமிட்டிதான் சொல்கிறது.

(இதற்கப்புறம் இருபது பேர் கோயில் பேனர் பற்றியே பேசிவிட்டீர்கள், வேலை விடுவது பற்றிக் கேட்க வந்தவர்கள் பாவம்.)

புதியவர்: கடை போட எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) கட்டணம்?

சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. தொழில் ஆரம்பித்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொருவர்: எந்த லேப்டாப் வாங்கலாம்?

இது அந்தக் கடை இல்லை.

மீண்டும் ஒருவர்: போர்ட்ஃபோலியோவில்...

மேலே. தைப்பிங்.

சரி, படியேறி ஆள் வருகிறது. கோயில் கமிட்டிதான். எட்டுக்கு நாலு அடி, நாளை மாலைக்குள் வேண்டுமாம். முன்பணம் என்றேன், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.